மூன்றாம் ஓலைக்குப் பிறகு: நெல்லைச் சீமையில் ஐந்து நாட்கள்

ஜூலை 3, 2024, புதன்கிழமை – பாளையங்கோட்டை

எங்கள் சபைகளில் திருமணத்துக்கு முன்பு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனைகளில் மணமக்களின் பெயர்களை வாசித்து, இவர்கள் இணைவதற்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று குருவானவர் அறிவிப்பார். அதற்கு ஓலை வாசித்தல் என்று பெயர். சென்ற நவம்பரில் என் பெயர் இரண்டு ஞாயிறுகளில் வாசிக்கப்பட்டது. மூன்றாம் ஞாயிறுக்கு முந்தைய வியாழன் இரவு, மறுதரப்பிலிருந்து தொலைபேசியில் பேசியவர்கள் இந்தத் திருமணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காரணம் இன்றுவரை சரியாகத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஓலை வாசிக்கும் நேரம் வந்து, என் பெயர் இல்லாமலே கடந்து போயிற்று. நான் அங்கே இல்லை. அம்மா இருந்தார்கள்.

திருமணம் நின்றதைக் காட்டிலும் என்னை அதிகம் உடைத்தது வேறொன்று. ஏழு ஆண்டு ஜெபத்துக்குக் கர்த்தர் பதில் தந்தார் என்று அக்டோபர் மாதம் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொல்லியிருந்தேன். சொன்னது பொய்யா, அல்லது சொன்னவரைக் கர்த்தர் கைவிட்டாரா என்ற கேள்விக்கு விடை தெரியாமல், எட்டு மாதமாக ஆலயத்துக்குள் கால் வைக்கவில்லை. சென்னையிலிருந்து என்னை இங்கே வரவழைத்தது அத்தைதான். மருத்துவமனையில் 34 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவர். “ஜெபம் பண்ணச் சொல்லமாட்டேன் மக்களே, சும்மா என்கூட நாலு இடம் வா” என்று மட்டும் சொன்னார்.

வெயில் காலை எட்டு மணிக்கே சுட்டது. அத்தை வீட்டில் ஆப்பமும் தேங்காய்ப்பாலும் சாப்பிட்டுவிட்டு ஊசிக்கோபுரம் கதீட்ரலை வெளியிலிருந்தே பார்த்தோம். உள்ளே போகிறாயா என்று அத்தை கேட்கவில்லை, நானும் போகவில்லை. பிறகு பழைய கோட்டைப் பகுதியிலுள்ள கிளாரிந்தா ஆலயத்துக்கு நடந்தோம். ஊர்க்காரர்களுக்கு அது பாப்பாத்தி அம்மாள் கோயில்.

கிளாரிந்தாவின் கதையைச் சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் கேட்டிருக்கிறேன். மராத்தி பேசும் பிராமணக் குடும்பத்து இளம் விதவை. ஆங்கிலேயப் படை அதிகாரி ஒருவரின் ஆதரவில் வாழ்ந்தவர். அவரிடமிருந்தே கிறிஸ்தவ விசுவாசத்தைக் கற்றவர். ஞாயிறு பள்ளியில் அழுத்திச் சொல்லாத ஒரு பகுதி அதில் உண்டு. அவர் ஞானஸ்நானம் கேட்டபோது மிஷனரி சுவார்ட்ஸ் கொடுக்க மறுத்தார். திருமணமாகாமல் அந்த அதிகாரியோடு வாழ்ந்ததுதான் காரணம். கணவரையும் இழந்து, ஊராரையும் இழந்து, தேடிப்போன திருச்சபையின் வாசலிலும் நிறுத்தப்பட்ட அந்தப் பெண், அதிகாரி இறந்த பிறகும் விலகிப்போகவில்லை. 1778-இல் சுவார்ட்ஸ் மீண்டும் வந்தபோது மறுபடியும் கேட்டுப் பெற்றுக்கொண்டார். 1780-இல் பாளையங்கோட்டைச் சபையில் நாற்பது பேர். அந்தப் பட்டியலில் முதற்பெயர் கிளாரிந்தா. 1785-இல் அவர் முயற்சியால் எழுந்த ஆலயத்தைச் சுவார்ட்ஸே வந்து பிரதிஷ்டை செய்தார்.

ஒரு முறை மறுக்கப்பட்ட வாசலுக்கு அவர் எந்த மனநிலையில் திரும்பி வந்திருப்பார் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. சிறிய கட்டடம். சுவரில் கை வைத்தபோது சூடாக இருந்தது. வாசற்படியில் உட்கார்ந்தேன், உள்ளே போகவில்லை.

மாலையில் அத்தை கால் கிலோ அல்வா வாங்கினார், எழுபது ரூபாய். வாழையிலைத் துண்டில் வைத்துச் சூடாகக் கொடுத்தார்கள். கடையில் அருகில் நின்ற அம்மா, “மாப்பிள்ளை வரலியாம்மா?” என்று இயல்பாகக் கேட்டார். “அவருக்கு லீவு கிடைக்கல” என்று சொல்லிவிட்டேன். நான் சொன்ன பொய்யை அத்தை கேட்டார்; ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 4, வியாழக்கிழமை – ஏர்வாடி வழியாக டோனாவூர்

டோனாவூர் போகும் என்று நம்பி ஏறிய பேருந்து ஏர்வாடியோடு நின்றுவிட்டது. இறங்கிய நேரத்தில் சாரல் பிடித்துக்கொண்டது. மேற்கே மலை முழுவதும் மேகத்துக்குள் இருந்தது. குடையில் ஒரு கம்பி உடைந்திருந்ததால் இருவரும் பாதி நனைந்து ஒரு தேநீர்க் கடையில் ஒதுங்கினோம். கடைக்காரர் தொப்பி அணிந்த பெரியவர். கேட்பதற்கு முன்பே உள்ளே கிடந்த பெஞ்சைத் துணியால் துடைத்து, அத்தையை உட்காரச் சொன்னார். தேநீர் பன்னிரண்டு ரூபாய். மழை விடாததால் இரண்டாம் முறை தானாகவே ஊற்றிக் கொடுத்து, அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். “மழைக்கு ஒதுங்கினவங்க விருந்தாளி” என்றார். எங்கே போகிறோம் என்று கேட்டதும், தன் மகளுக்குச் சிறுவயதில் டோனாவூர் மருத்துவமனையில்தான் காய்ச்சல் குணமானது என்று சொல்லி, அவ்வழியே போகும் ஆட்டோவை அவரே நிறுத்தி, எங்கள் முன்னால் வாடகை பேசி, நூற்று இருபது ரூபாய்க்கு ஏற்றிவிட்டார்.

டோனாவூரில், அயர்லாந்திலிருந்து வந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901 முதல் 1951 வரை வாழ்ந்த வளாகத்துக்கு அத்தை முன்கூட்டியே அனுமதி பெற்றிருந்தார். செம்மண், ஓட்டு வீடுகள், நனைந்த மரங்கள். கோயில்களுக்கு அர்ப்பணிக்கப்படவிருந்த சிறுமிகளுக்கும் ஆதரவற்ற குழந்தைகளுக்கும் அவர் அமைத்த வீடு அது. அவரைப் பற்றி அறிந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த செய்தி ஒன்று: 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்வையிடச் சென்றவர், இருட்டில் குழிக்குள் விழுந்து கால் முறிந்தார். அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள், சாகும்வரை, பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே இருந்தார். எத்தனையோ பிள்ளைகள் சுகம் கேட்டு ஜெபித்திருப்பார்கள். கேட்டபடி நடக்கவில்லை. அந்த அறையிலிருந்துதான் பல நூல்களையும், பிள்ளைகளுக்குத் தனித்தனியாக எண்ணற்ற கடிதங்களையும் எழுதினார்.

என்னை அதைவிட அதிகம் தொட்டது அவருடைய தோழி பொன்னம்மாளின் கதை. இளம் வயதிலேயே விதவையாகி, விதவை என்பதற்காகவே புகுந்த வீட்டில் இழிவாக நடத்தப்பட்டவர். அங்கிருந்து வந்து, ஏமியோடு ஊர் ஊராகச் சென்ற பெண்கள் குழுவில் சேர்ந்தார். பின்னர் டோனாவூரில் கைக்குழந்தைகளின் பராமரிப்பு முழுவதும் அவர் பொறுப்பில் இருந்தது. 1915-இல் புற்றுநோயால் இறந்தார். இவர்கள் வாழ்க்கையை வாசிக்கும் போதெல்லாம் முன்பு நான் முடிவுக்குத் தாவிப்போய், எல்லாம் நன்மைக்காகவே நடந்தது என்று மனதுக்குள் மூடிவிடுவேன். இந்த முறை அப்படி மூட முடியவில்லை. பொன்னம்மாளுக்கு இழந்த வாழ்க்கை திரும்பக் கிடைக்கவில்லை. வேறொரு வாழ்க்கை கிடைத்தது. அவை இரண்டும் ஒன்றல்ல. ஒன்றுக்கு மற்றொன்று ஈடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இரண்டாவது உண்மையானது. அதில் குழந்தைகள் பால் குடித்து வளர்ந்தார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் தன் பெயரில் கல் வேண்டாம் என்று ஏமி சொல்லியிருந்தார். அதனால் மரத்தடியில் பறவைகள் நீர் குடிக்கும் ஒரு கல்தொட்டியை வைத்து, அதில் ‘அம்மை’ என்று மட்டும் பொறித்திருக்கிறார்கள். நாங்கள் நின்றபோது, வெள்ளைச் சேலை கட்டிய ஒரு மூதாட்டி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். தொட்டியில் மழைநீர் ஏற்கெனவே இருந்தது. உதிர்ந்த இலைகளை விரலால் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுவிட்டு, பழைய நீரைக் கையால் வழித்து வெளியே தள்ளி, செம்புத் தண்ணீரை மெதுவாகச் சாய்த்தார். நான்கு எட்டுத் தள்ளி ஒரு மைனா, தலையைச் சாய்த்தபடி, அவர் போவதற்காகக் காத்திருந்தது. “மழைத்தண்ணி இருக்கே பாட்டி” என்றேன். “இலை ஊறின தண்ணியைக் குடிக்காது” என்றார். எங்கிருந்து வருகிறீர்கள், கல்யாணம் ஆகிவிட்டதா, எத்தனை பிள்ளைகள் என்று அவர் ஒன்றும் கேட்கவில்லை. எட்டு மாதத்தில் நான் சந்தித்தவர்களில் என்னிடம் எதுவும் கேட்காதவர் அவர் ஒருவர்தான். நாங்கள் நகர்ந்ததும் மைனா தொட்டியின் விளிம்பில் இறங்கிற்று.

1927-இல் கட்டப்பட்ட ஜெபவீட்டுக்குள் நான் போனேன். ஆலயத்துக்குள் போகிறோம் என்று யோசித்து எடுத்த முடிவு அல்ல அது. மழை மறுபடியும் தூறத் தொடங்கியதால் அத்தையின் பின்னால் நுழைந்தேன். தரையில் உட்கார்ந்திருந்தோம். ஜெபிக்கவில்லை. ஆனால் எழுந்து போகவும் தோன்றவில்லை.

ஜூலை 5, வெள்ளிக்கிழமை – இடையன்குடி, மணப்பாடு

இடையன்குடியில் ஒரு மணி நேரம்தான் இருந்தோம். மிஷனரி கால்டுவெல் 1841-இல் வந்து சேர்ந்த ஊர். அவர் எழுப்பிய ஆலயம் முடிய முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதனுள்ளேயே அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். வாசலில் வாடகை வண்டிக்காரருக்கு அவசரம். அவர் பேசிய தொகைக்கு மேல் இருநூறு ரூபாய் காத்திருப்புக் கூலி கேட்டார். அத்தை கொடுத்துவிட்டு, “வீட்டுல பிள்ளைங்க இருக்கும்” என்றார்.

மணப்பாட்டை நெருங்கும்போதே காற்று வண்டியைத் தள்ளத் தொடங்கியது. ஆனி மாதக் காற்று. மணல்மேட்டின் உச்சியில் திருச்சிலுவை ஆலயம், அதன் அடியில் மூன்று பக்கமும் கடல். ஏறும்போது மணல் கன்னத்தில் ஊசியாகக் குத்தியது. அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். என் செருப்பின் வார் அறுந்தது. சுடுமணலில் வெறுங்காலோடு ஏற முடியாமல் நான் நின்றபோது, பனையோலைப் பெட்டிகளை விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்து, “மேல போயிட்டு வாங்க, நான் இங்கதானே இருக்கேன்” என்றார். திரும்பி வந்து இருநூற்று ஐம்பது ரூபாய்க்கு ஒரு மூடிப்பெட்டி வாங்கினேன். செருப்புக்காக வாங்குகிறேன் என்று எண்ணிவிடக் கூடாதே என்று, விலை பேசாமல் கொடுத்தேன்.

பாறைக் குகையில், சவேரியார் தங்கியிருந்ததாக வழிவழியாகச் சொல்லப்படும் இடத்தில், அரை மணி நேரம் உட்கார்ந்தோம். நாங்கள் கத்தோலிக்கர் அல்ல. ஆனால் பிரான்சிஸ் சவேரியார் 1544-இல் இந்த ஊரிலிருந்து எழுதிய கடிதம் ஒன்றின் செய்தியை அத்தை நினைவுபடுத்தினார். அந்த ஆண்டு வடுகர் படைகளின் தாக்குதலுக்கு அஞ்சிக் குமரிமுனைப் பக்கத்துப் பரதவர்கள் கடலிலுள்ள பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் தாகத்தாலும் செத்துக்கொண்டிருந்தார்கள். சவேரியார் இருபது தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு அவர்களைக் காப்பாற்றப் புறப்பட்டார். எதிர்க்காற்று. துடுப்புப் போட்டும் முடியவில்லை, கயிறு கட்டி இழுத்தும் முடியவில்லை. பல நாட்கள் போராடிவிட்டு இங்கேயே திரும்பி வந்தார். அது ஜூன் மாதம்; இதே காற்றின் காலம்.

என் முகத்தில் மணலை வாரி அடித்த காற்று அந்தத் தோணிகளைத் தடுத்த காற்று என்று தோன்றியபோது, நான் எட்டு மாதமாக யாரிடமும் கேட்கத் துணியாத கேள்வியை அத்தையிடம் கேட்டுவிட்டேன். நல்ல காரியத்துக்காக, தம் பெயராலேயே புறப்பட்டவருக்குக் கர்த்தர் ஏன் காற்றை எதிராக வீசச் செய்தார்? அத்தை வெகுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்குத் தெரியாது மக்களே” என்றார். பிறகு, “அவரு அதுக்கப்புறம் கரை வழியா நடந்தே போனாரு” என்றார். அவ்வளவுதான். ஏதேனும் ஒரு வசனம் சொல்லி என்னை அடக்காமல், தெரியாது என்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தைக்கு நான் என்றும் கடன்பட்டிருப்பேன். அங்கேதான் அழுதேன். காற்றின் இரைச்சலில் யாருக்கும் கேட்டிருக்காது.

ஜூலை 6, சனிக்கிழமை – உடன்குடி, மெய்ஞ்ஞானபுரம்

அத்தையின் பள்ளித் தோழி வீட்டில் தங்கியிருக்கிறோம். காலையில் உடன்குடியில் கருப்பட்டி வாங்கினோம், கிலோ முந்நூற்று எண்பது ரூபாய். கடைக்காரர் ஒரு வட்டை உடைத்து, உள்நிறத்தைக் காட்டி, சீனி கலக்காதது என்று ருசி பார்க்கக் கொடுத்தார். கருப்பட்டிக் காபி குடித்துவிட்டு, 192 அடி உயரக் கோபுரமுள்ள மெய்ஞ்ஞானபுரம் ஆலயத்தைப் பார்த்தோம். இதற்கு முன்பிருந்த ஆலயம் புயலில் இடிந்துபோனது என்றும், அதன் பிறகே ஜான் தாமஸ் ஐயர் இதைக் கட்டத் தொடங்கினார் என்றும் தோழியின் கணவர் சொன்னார். நான் களைத்திருந்தேன். உள்ளங்காலில் மணப்பாட்டு மணல் சுட்ட இடம் கொப்பளித்திருந்தது.

இரவு அத்தை என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் கழுவினார். திருமணம் நின்றபோது எனக்கு வந்த ஆறுதல் செய்திகளில் பாதிக்குமேல் சங்கீதம் 147-இன் மூன்றாம் வசனம்தான்: இருதயம் நொறுங்குண்டவர்களை அவர் குணமாக்குகிறார், அவர்களுடைய காயங்களைக் கட்டுகிறார். அதைப் பார்த்தாலே தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். அதைச் சொன்னேன். அத்தை துணியைக் கிழித்துக்கொண்டே சொன்னார்: “கட்டுறார்னா ஒரு தடவை கட்டிட்டுப் போறதுன்னு நினைச்சியா? நான் வார்டுல தினமும் செஞ்ச வேலை அது. காலையில அவிழ்க்கணும், பார்க்கணும், கழுவணும், மறுபடி கட்டணும். அவிழ்க்கும்போதும் கழுவும்போதும்தான் நோயாளி கத்துவான். அதுக்காக நர்ஸு வராம இருக்க முடியுமா? நாளைக்கும் வரணும்.”

நான் எட்டு மாதம் அந்த வசனத்தை ஒரு வாக்குறுதியாக மட்டும் வாசித்து, நிறைவேறவில்லை என்று கோபித்திருந்தேன். அது ஒரு தினசரி வேலையின் பெயர் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. திருமணம் நின்ற இரவு என் தட்டில் சோற்றைப் பிசைந்து ஊட்டிய அம்மா, ஏர்வாடிக் கடைக்காரர் துடைத்த பெஞ்சு, மணப்பாட்டில் கழற்றிக் கொடுத்த செருப்பு, இப்போது என் பாதத்தைப் பிடித்திருக்கும் இந்தக் கைகள் என்று எண்ணிக்கொண்டே போனேன். விளக்கை அணைத்த பிறகு ஜெபித்தேன். நன்றி சொல்லவில்லை, ஏன் என்றுதான் கேட்டேன். ஆனால் எட்டு மாதத்துக்குப் பிறகு அவரிடமே கேட்டேன்.

ஜூலை 7, ஞாயிற்றுக்கிழமை – தேரிக்காட்டு ஓரத்து ஒரு கிராமம்

தோழியின் சொந்த ஊர்ச் சபையில் இன்று அசனம், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் சபை விருந்து. ஆலயத்துக்குப் பின்னால் விடியுமுன்பே அடுப்பு மூட்டிவிட்டார்கள். பனைமட்டை எரியும் புகையும் ஆட்டுக்கறிக் குழம்பின் வாசனையும் ஆராதனை முழுவதும் சன்னல் வழியே வந்துகொண்டிருந்தன. நான் பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில், வாசலை ஒட்டி உட்கார்ந்தேன்.

அறிவிப்புகளுக்கு நடுவில், எதிர்பாராமல் அது வந்தது. குருவானவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒரு வாலிபனின் பெயரையும் ஒரு பெண்ணின் பெயரையும் வாசித்தார். “இது மூன்றாம் ஓலை” என்றார். தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். மின்விசிறியின் சத்தம் கேட்டது. வெளியே அகப்பை அண்டாவில் மோதியது. என் நெஞ்சு அடைத்தது. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், நாடி பார்ப்பவர் போல. ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. குருவானவர் அடுத்த அறிவிப்புக்குப் போனார். அந்த இடைவெளியில் நான் செய்த ஜெபம் அந்தப் பெண்ணுக்காக இருந்தது: இவளுக்கு நிற்காமல் இருக்கட்டும், ஆண்டவரே. திட்டமிடாமல், மனமார வந்த ஜெபம்.

அசனத்துக்கு நீள வரிசையில் தரையில் உட்கார்ந்தோம். பக்கத்து ஊர் இந்துக் குடும்பங்களும் வந்திருந்தன. எவருக்கும் தனி இடம் இல்லை. இலையில் சோறு, கத்தரிக்காய் சேர்த்த ஆட்டுக்கறிக் குழம்பு, பிறகு ரசம். என் இடப்பக்கம் வந்து உட்கார்ந்தவள்தான் அந்தப் பெண் என்பது, எதிர்வரிசைப் பாட்டிகள் அவளைக் கேலி செய்யத் தொடங்கிய பிறகே தெரிந்தது. இருபத்தைந்து வயது இருக்கும். வெட்கத்தோடு சிரித்துவிட்டு, பேச்சை மாற்றுவதற்காக என் பக்கம் திரும்பினாள்.

“அக்காவுக்குக் கல்யாணம் ஆயிட்டா?”

லீவு கிடைக்காதவர் என்று அல்வாக் கடையில் நான் சொன்ன பொய் நாக்கின் நுனிவரை வந்தது.

“இல்லம்மா. எனக்கு ரெண்டு ஓலை வாசிச்சாங்க. மூணாவது வாசிக்கல.”

முன்பின் தெரியாத ஒருவரிடம் இதைச் சொன்னது இதுவே முதல்முறை. அவள் சோறு பிசைந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஐயோ என்று சொல்லவில்லை, வசனமும் சொல்லவில்லை. குழம்பு வாளியோடு அடுத்த வரிசைக்குப் போய்க்கொண்டிருந்தவரை நிமிர்ந்து கூப்பிட்டாள்.

“சித்தப்பா, இங்க அக்கா இலைக்குக் கறி வரல. நல்லா அள்ளிப் போடுங்க.”

அவர் திரும்பி வந்தார்.